அக்காவுக்கு முறை சொல்லிக்கொடுத்தது

என் அக்காவை நான் 'மமா' என்றுதான் கூப்பிடுவேன். ரங்கூனில் பிறந்த எங்களுக்கு அது வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. பர்மியப் பேச்சில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். திருத்தணிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அக்காவை வாசலில் நின்றுகொண்டு "மமா! மமா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். குழாயடியில் இருந்த அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தாவணி போட்டிருந்த என் 'மாமா'வைப் பார்த்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் யாருடைய இடுப்பிலிருந்தோ ஒரு குடம் நழுவி விழுந்து தெருவோடு உருண்டு போயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதுக்கு மீறிய ரோஷம். இனி இந்த ஊரில் யாரையும் முறை தவறிக் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அது அத்தனை எளிதாக இல்லை. ரங்கூனில் எங்கள் தெருவில் பத்து ஜில்லாத் தமிழர்கள் இருந்தார்கள். யாருக்கும் யாரும் சொந்தமில்லை. ஆகவே மீசை முளைத்தவர்கள் எல்லாரும் அண்ணா, புடவை கட்டியவர்கள் எல்லாரும் அக்கா. அதற்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. திருத்தணியிலோ முறைக்கு முறை தனிப்பெயர் இருந்தது. அதிலும் அப்பா வழிச் சொந்தங்கள் வீட்டுக்குள் பாதி தெலுங்கு பேசுபவர்கள். அப்பாவை நைனா என்றார்கள். அத்தை மகன் பாவா. அத்தை மகள் வதினெ. பெரியம்மா பெத்தம்மா. இவற்றில் ஒன்று பிசகினாலும் குழாயடிச் சிரிப்புத்தான்.

அடுத்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை ஆசிரியையாக அமர்த்திக்கொண்டேன். ஒரு முறைக்கு ஒரு பர்மியத் தபால்தலை என்று பேச்சு. அப்பா கப்பலில் கொண்டுவர விட்ட சொற்பப் பொருட்களில் என் தபால்தலை நோட்டும் ஒன்று. இரண்டு வாரத்தில் பாதி நோட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் அறிவில் முக்கால்வாசி என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒருவரைப் பார்த்தால் அவர் யாருக்கு யார், ஆகவே எனக்கு யார் என்று கணக்குப் போல உடனே சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன். 'மமா'வையும் விட்டு 'அக்கா'வுக்கு மாறினேன்.

நாங்கள் குடியிருந்தது அத்தை வீட்டில். அத்தை என்றால் அப்பாவின் ஒரே அக்கா. அத்தை இருந்தது அம்மையார்குப்பத்தில், அங்கே அவர்களுக்குத் தறிகள் இருந்தன. திருத்தணியில் ஒரு துணிக்கடையும் அதன் பின்னால் இரண்டு அறை வீடும் இருந்தன. ரங்கூனில் அப்பாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கட்டிய துணியோடு வந்து நின்ற எங்களை, ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வீட்டில் குடிவைத்து, அப்பாவை அந்தக் கடையில் உட்காரவும் வைத்தவள் அத்தைதான். அப்பா ஊரைவிட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஊர் நடுவில் ஆந்திராவுக்குப் போய், மறுபடி சென்னை ராஜ்ஜியத்துக்கு மாறியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அத்தை சிரிப்பாள்.

"நீங்க கப்பல் ஏறி நாடு மாறினீங்க. நாங்க உக்காந்த எடத்துல உக்காந்துகினே மாறிட்டோம். எது லாபம் சொல்லு!"

நல்ல மனுஷி. மனதில் பட்டதைச் செய்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள். எங்களைக் குடிவைத்தது போலவே, அக்காவைத் தன் மகனுக்குக் கட்டிவைப்பது என்றும் அவளே முடிவு செய்திருந்தாள். கூடப்பிறந்தவன் மகள் வெளியில் போகலாமா என்பது அவள் வாதம். அப்பா மறுப்பதற்கு வாய் ஏது? தலைக்கு மேலிருந்த ஓடு அத்தையுடையது, உலையில் வெந்த அரிசியும் அத்தையுடையது. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அக்காவைக் கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. அத்தை எங்களுக்குச் செய்த உதவிக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ரங்கூனில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். திருத்தணியில் எங்கள் தெருமுனையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளி இருந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் அக்கா அதன் கீழே நின்றுவிடுவாள். மேலேயிருந்து தடதடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் எந்த பஸ்ஸுக்கு நிற்கிறோம் என்று ஒருநாள் கேட்டேன். எந்த பஸ்ஸுக்கும் இல்லை என்றாள். அப்படியானால் எதற்கு நிற்க வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தையின் மகள் வயிற்றுப் பேரனுக்கு மலையில் முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடாயிற்று. சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் நாங்கள் முதன்முதலாகப் பார்க்கப் போவது அன்றைக்குத்தான். அத்தை மகனையும் அதுவரை பார்த்ததில்லை. நூல் வாங்கச் சேலம் பக்கம் போனவர் விசேஷத்துக்குத்தான் வருவதாக இருந்தது. காது குத்தி முடிந்த கையோடு அக்காவுக்குப் பூ வைத்துவிடலாம் என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். எனக்கும் பூ வைப்பார்களா என்று கேட்டதற்கு அம்மா என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டாள். பூ வைப்பது என்றால் பெண்ணை நிச்சயம் செய்வது என்று என் தபால்தலைப் பாடத்தில் இன்னும் வந்திருக்கவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் அக்காவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். நான் 'மமா' என்று கத்தியதற்கே ஒரு குடம் உருண்டது. அவள் ஏதாவது உளறினால் மலையே உருண்டுவிடும் என்று எனக்குப் பயம். குழந்தையின் அம்மா யார்? வதினெ. குழந்தையின் அப்பா? அண்ணா. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன்? பாவா. இந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், மாற்றிச் சொல்லிவிடாதே என்று எச்சரித்தேன். எட்டுத் தடவை கேட்டேன், எட்டுத் தடவையும் அக்கா சரியாகச் சொன்னாள். ஆனால் நல்ல மாணவிகளுக்கே உரிய கெட்ட பழக்கமாக, நடுவில் கேள்வி கேட்டாள்.

"பாவாவை வாய் தவறி அண்ணான்னு கூப்பிட்டா என்ன ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வது ஆசிரியைக்கு அழகல்ல என்பதால் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். இது பெரிய கேள்வி என்று அவள் இரண்டு தபால்தலை வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ, கூப்டவே கூடாது. சாமி காரியத்துல நாலு பேரு எதிர்ல கூப்ட்டா முடிஞ்சிபூடும். அதுக்கப்பறம் கட்டிக்கவே முடியாது, கூடப்பொறந்தவங்க மாதிரி ஆயிடும்."

திரும்பி ஓடிவந்து ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அக்கா, "நிஜமாவா?" என்று கேட்டாள். இரண்டு தபால்தலை கொடுத்து வாங்கிய பதில் பொய்யாக இருக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நாலு பேர் கேட்டாத்தானா? மெதுவா சொன்னா?" என்றாள். மெதுவாகச் சொன்னால் யாருக்குக் கேட்கும், கேட்காவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது என்று பாடத்தை முடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மலையேறி, குழந்தைக்கு மொட்டையடித்து, சுவாமி பார்த்துவிட்டு, அடிவாரத்தில் ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ரங்கூனிலிருந்து வந்தவர்கள் என்று எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். அம்மா வழக்கம்போல முகத்தில் தனாக்கா பூசியிருந்தாள். மரப்பட்டையை உரைத்துக் கன்னத்தில் பூசுவது பர்மாவில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். ஒரு பெத்தம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மொட்ட போட்டு மண்டையில சந்தனம் பூசுவாங்க. நீ இன்னாம்மா மொட்டையும் போடாம கன்னத்துல பூசிகினு வந்துகீற?" என்றாள். அம்மா சிரித்துச் சமாளித்தாள்.

நான் மட்டும் அன்று கொடிகட்டிப் பறந்தேன். பெத்தம்மா என்றேன், வதினெ என்றேன், கேட்டவர்கள் மோவாயில் கைவைத்தார்கள். 'ரங்கூன்ல பொறந்த குட்டி எப்டி முறை வெச்சிப் பேசுது பாரு' என்று ஒருவர் சொன்னபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அக்காவும் ஒன்றிரண்டு பேரை மெல்லிய குரலில், ஆனால் சரியாகவே கூப்பிட்டாள். என் மாணவியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பாவாவும் வந்திருந்தார். நெட்டையான மனிதர், முப்பதைத் தொட்டிருப்பார், அதிகம் பேசாதவர். "பாவா, நல்லா கீறீங்களா?" என்று நான் கேட்டதற்கு, "ஆங், நல்லா கீறேன். நீங்க நல்லா கீறீங்களாம்மா?" என்று பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாவா கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். குழந்தையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி தங்க ஊசியைத் துடைத்தார். குத்தியவுடன் குழந்தையின் வாயில் போடச் சர்க்கரை வேண்டும். அத்தை அந்தச் சர்க்கரைத் தட்டை அக்காவின் கையில் கொடுத்து, "பாவாகிட்ட குடும்மா" என்று முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிவிட்டாள். இரண்டு பேரையும் ஊர் சேர்த்துப் பார்க்கட்டும் என்பதுதான் அந்தத் தட்டின் பொருள். அத்தையின் மற்றொரு கையில் வாழையிலையில் சுற்றிய பூச்சரம் தயாராக இருந்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். கூட்டத்தில் அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், சத்திரம் முழுக்கக் கேட்கும்படி, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"அண்ணா, சர்க்கரை வாங்கிக்குங்க."

ஆசாரியின் கை ஊசியோடு அப்படியே நின்றது. அத்தையின் வாய் திறந்தது, மூடவில்லை. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ உச்சந்தலையில் சுர்ரென்றது. எட்டுத் தடவை சரியாகச் சொன்னவள் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாளே!

"தப்பு! தப்பு! நேத்து எட்டுத் தடவை சரியா…" என்று கத்த ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அம்மா ஒரு முழு வாழைப்பழத்தை என் வாயில் திணித்துவிட்டாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கையில் அந்தப் பழம் ஏற்கெனவே உரித்துத் தயாராக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

காலையில் தனாக்காவைப் பார்த்து வாயடித்த பெத்தம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

"அட, ரங்கூன் பொண்ணு, யாரு அண்ணன் யாரு பாவான்னு அதுக்கு இன்னா தெரியும்? பக்கத்துல உக்காந்துகினு கீறாரே கொழந்தயோட நைனா, அவரக் கூப்ட்டுகீது. அவருக்கு முறை அண்ணன்தான?"

கூட்டம் மூச்சு விட்டது. அத்தையின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஆமாம், ஆமாம் என்றார் அப்பா அவசரமாக. குழந்தையின் அப்பா சிரித்துக்கொண்டே தட்டை வாங்கக் கையை நீட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் பழத்தை விழுங்கினேன். ஆனால் அக்கா தட்டைக் கொடுக்கவில்லை. அது அவள் கையில் நடுங்கியதில் சர்க்கரை விளிம்பில் சிந்திக்கொண்டிருந்தது. அவ்வளவு கனமா அந்தத் தட்டு என்று நினைத்தேன்.

பாவா நடுங்கும் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதிகம் பேசாதவர் அன்று பேசினார்.

"இல்ல. அது என்னத்தான் கூப்ட்டுச்சி." கையை நீட்டினார். "குடு தங்கச்சி."

அக்கா கொடுத்தாள். அவர் ஆசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். ஊசி இறங்கியது. குழந்தை போட்ட கூச்சலில், பெரியவர்கள் யார் என்ன சொன்னார்கள் என்பது எதுவுமே கேட்கவில்லை. அவர் நிதானமாகச் சர்க்கரையை எடுத்து அதன் வாயில் போட்டார்.

சாமி காரியத்தில், நாலு பேர் எதிரில் ஒருத்தி அண்ணா என்று சொல்ல, அவரும் தங்கச்சி என்று வாங்கிக்கொண்ட பிறகு, அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? அடுத்த வீட்டுப் பெண் சொன்னது ஒரு சொல் பொய்யில்லை. அத்தை பூச்சரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். எட்டு முழம் குண்டுமல்லி. அக்காவுக்கு வேண்டாமென்றால் வீணாகப் போவானேன் என்று நான் அதை எடுத்து என் தலையில் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றேன்.

அம்மா பாய்ந்து வந்து முடியோடு சேர்த்துச் சரத்தைப் பிடுங்கினாள். "இதுவும் தங்கச்சிதான், இதுவும் தங்கச்சிதான்!" என்று பாவா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அலறினார். முதலில் பெத்தம்மா சிரித்தாள். பிறகு மொத்தச் சத்திரமும் சிரித்தது. அடக்கமாட்டாமல் அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானத்தில் நான் அழுதேன். சரம் கடைசியில் மொட்டைக் குழந்தையின் கழுத்துக்குப் போயிற்று.

அத்தைக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மூன்று மாதம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பா தினமும் கடைக்குப் போகும்போது, இன்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற முகத்தோடுதான் போவார். ஆனால் யாரும் சொல்லவில்லை. சொல்லவிடாமல் ஒருவர் வாரா வாரம் அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "தங்கச்சி வீட்டுக்கு வந்துகீறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். பொங்கலுக்கு அண்ணன் சீர் என்று புடவை கொண்டுவந்தார். "மாமா, தங்கச்சி சும்மா வூட்ல உக்காந்துகினு இன்னா பண்ணும்? டைப்பு கத்துக்கட்டும்" என்று அப்பாவிடம் அவர்தான் பேசினார். அண்ணன்காரன் சொன்ன பிறகு அப்பா என்ன சொல்வார்? அக்கா அந்த மாடிப்படி ஏறினாள். நான் கீழே நின்று, மேலேயிருந்து வரும் தடதடவில் எது அக்காவுடைய தடதட என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன்.

சில வருஷம் கழித்து, அரக்கோணத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை அவளே சொன்னாள். மணவறையில் பெண்ணின் கையில் பொரி இடுவதற்குக் கூடப்பிறந்தவன் வேண்டும். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. ஐயர் கேட்பதற்கு முன்பே நெட்டையாக ஒருவர் எழுந்து போய் நின்றார். பொரியை அள்ளி அக்காவின் கையில் போட்டார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, அவர் மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். அன்று அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார், அக்காவும் சிரித்தாள். நான் அப்போது பாவாடை தாவணியில் பன்னீர்ச்செம்போடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குச் சத்திரத்துத் தட்டு நினைவுக்கு வந்து, கை நடுக்கத்தின் கனம் என்னவென்று விளங்கியது. அவருக்கும் அன்றே விளங்கியிருந்தது என்பதும்.

காது குத்து நடந்த அன்று சாயங்காலம் அதில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பறிபோன பூவுக்கும், பாழாய்ப்போன பாடத்துக்கும், செலவான தபால்தலைகளுக்கும் சேர்த்துக் கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் சடையை அவிழ்த்துச் சிக்கெடுத்தாள். கப்பல் ஏறிய நாளிலிருந்து அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, பளிச்சென்று இருந்தது. இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு ஒருத்தியால் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடி. நீ ரொம்ப நல்லா சொல்லிக்கொடுத்தே" என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பாவம், படிப்பு ஏறவில்லை, அதற்கு அவள்தான் என்ன செய்வாள்? மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணி, அந்த மக்கு மாணவியை நான் மன்னித்தேன்.